மயக்க மருந்து கொடுத்தபின் சுயநினைவை எப்படி அளக்கிறார்கள்?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க டாக்டர் வந்து பேசும்போது நோயாளிகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நடுவுல முழிச்சுக்கிட்டா என்ன சார் பண்றது?" டாக்டர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் நடக்காதும்மா, நாங்க பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருப்போம்" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் விஷயம் சுவாரசியமாகிவிடும்.

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் திரையில் இதயத் துடிப்பு ஓடும். ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஆக்சிஜன், வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடு எல்லாம் எண்ணாகவும் கோடாகவும் வந்துகொண்டே இருக்கும். மயக்க மருந்து வேலை செய்ய வேண்டிய உறுப்போ மூளை. பல தியேட்டர்களில் மூளைக்கென்று அந்தத் திரையில் ஒரு கோடுகூட இருக்காது. இதயத்தையும் நுரையீரலையும் பார்த்து மூளையின் நிலையை ஊகிப்பதுதான் நீண்ட காலமாக நடைமுறை. அது பெரும்பாலான நேரம் சரியாகவும் இருந்துவிடுகிறது.

சரி, மூளையையே நேரடியாகப் பார்க்க முடியாதா? முடியும். நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் படிக்கும் கருவிகள் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவை உண்மையில் எதை அளக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், முழு மயக்கம் என்பது ஒரே ஒரு விஷயம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும்.

நான்கு வேலைகள்

முழு மயக்கம் கொடுக்கும்போது டாக்டர் நான்கு வேலைகளைச் செய்கிறார். சுயநினைவைப் போக்குகிறார். நடந்தது எதுவும் ஞாபகத்தில் தங்காமல் செய்கிறார். கத்தி பட்டதும் உடல் பதறி ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறாமல் வலியின் பாதையை அடைக்கிறார். உடம்பு அசையாமல் வைக்கிறார். இந்த நான்குக்கும் ஒரே மருந்து கிடையாது. நரம்பில் ஏற்றும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால், மூச்சு வழியே போகும் செவோஃப்ளூரேன் போன்றவை முதல் இரண்டையும் கவனித்துக்கொள்ளும். வலிக்கு ஃபென்டனில் வகை. அசையாமல் இருக்க அட்ராக்யூரியம், வெக்யூரோனியம் போன்ற தசை தளர்த்திகள்.

கடைசியாகச் சொன்ன தசை தளர்த்திதான் இந்தக் கதையின் வில்லன். அது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்கிறது. மூளையைத் தொடுவதே இல்லை. அது உடம்பில் இருக்கும்போது ஒருவருக்கு நினைவு இருக்கிறதா இல்லையா என்பது வெளியே யாருக்கும் தெரியாது. கண்ணைத் திறக்க முடியாது, விரலை ஆட்ட முடியாது, மூச்சைக்கூடத் தானாக இழுக்க முடியாது.

தசை தளர்த்தி வருவதற்கு முன் வேலை எளிதாக இருந்தது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியைக் கொடுக்க, ஜான் வாரன் என்ற அறுவை மருத்துவர் கில்பர்ட் அபாட் என்ற இளைஞரின் கழுத்துக் கட்டியை அறுத்தார். உலகம் முழுக்க மயக்க மருந்தின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் நாள் அது. பலரும் கவனிக்காமல் விடும் சேதி என்னவென்றால், வலிக்கவில்லை என்ற அபாட்டுக்கு, கழுத்தைச் சுரண்டுவது போல் இருந்தது தெரிந்திருக்கிறது. அதாவது புகழ்பெற்ற அந்த முதல் செயல்விளக்கத்திலேயே நோயாளிக்குச் சுயநினைவு முழுதாகப் போகவில்லை!

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், மயக்கம் எவ்வளவு ஆழம் என்பதை நோயாளியின் உடம்பைப் பார்த்தே சொன்னார்கள். அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கெடல், ஈதர் மயக்கத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். கண்மணி எப்படி உருளுகிறது, கண் பாவை எவ்வளவு விரிந்திருக்கிறது, மூச்சு எந்தச் சீரில் வருகிறது என்பவற்றைப் பார்த்தால் நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். முதல் உலகப் போரில் அனுபவம் குறைந்தவர்களும் மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் கையில் கொடுக்கத் தோதாக இருந்த அட்டவணை அது. ஈதர் மெதுவாக வேலை செய்யும் மருந்து என்பதால் இந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க முடிந்தது.

1942-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்ட் கிரிஃபித், எனிட் ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள் கியூராரே என்ற மருந்தை மயக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய நஞ்சு அது. தசைகள் தளர்ந்து கொடுத்ததால் அறுவை மருத்துவருக்கு வேலை சுலபமாயிற்று, ஆழ்ந்த மயக்கம் தேவைப்படவில்லை, நோயாளிக்கும் ஆபத்து குறைந்தது. உண்மையில் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கெடல் அட்டவணையில் பாதி அன்றைக்கே பயனற்றுப் போனது. மூச்சு நின்றுவிட்டபின் மூச்சின் சீரை எங்கே பார்ப்பது?

கியூராரே மூளையையும் மழுங்கடிக்கும் என்று சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதைத் தீர்த்துவைக்க ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஒரு காரியம் செய்தார். மயக்க மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளாமல், முழு நினைவோடு, தன் உடம்பிலேயே அதை ஏற்றச் சொன்னார். மூச்சுத் தசை வரை எல்லாம் நின்றுபோகும் அளவுக்கு மருந்து ஏறியது. சக மருத்துவர்கள் செயற்கையாக மூச்சு கொடுத்துக் காப்பாற்றினார்கள். தெளிந்ததும், சுற்றி நடந்தது, பேசியது, செய்தது அத்தனையையும் அவர் சொன்னார். 1947-ல் அந்த அறிக்கை வெளிவந்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது என்று நினைத்துவிடாதீர்கள். இதே போன்ற சோதனை நம் காலத்திலும் நடந்திருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அசையவில்லை என்றால் நினைவு இல்லை என்று அர்த்தமா?

மூச்சு வழி மயக்க மருந்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு 'மேக்' என்று ஓர் அளவு இருக்கிறது. 1960-களில் எட்மண்ட் ஈகரும் அவருடைய சகாக்களும் வகுத்தது. தோலைக் கீறும்போது நூற்றில் 50 பேர் அசையாமல் இருக்க நுரையீரல் காற்றில் எவ்வளவு சதவீதம் மருந்து இருக்க வேண்டுமோ, அது 1 மேக். செவோஃப்ளூரேனுக்கு நடுவயதில் சுமார் 2 சதவீதம். உலகம் முழுக்க மயக்க டாக்டர்கள் தினமும் புழங்கும் அளவு இது.

இதில் 1990-களில் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. ஆடுகளில் ரத்த ஓட்டத்தைப் பிரித்து, மூளைக்கு மட்டும் மயக்க வாயு போகும்படி செய்து பார்த்தார்கள். உடல் அசைவை நிறுத்த வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் மருந்து தேவைப்பட்டது. எலிகளில் முன்மூளையை நீக்கிய பிறகும் மேக் அளவு மாறவில்லை. கத்தி பட்டதும் உடல் துள்ளுவதையும், மருந்து அதைத் தடுப்பதையும் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்டுவடம்தான். ஆக, மயக்கத்தின் அளவுகோல் என்று இத்தனை காலம் கையில் வைத்திருந்தது தண்டுவடத்தின் அளவுகோல். நல்லவேளையாக, சுயநினைவு போவதற்கு அதைவிடக் குறைந்த மருந்தே போதும். சொன்னதைக் கேட்டுக் கண் திறப்பது நின்றுபோவது சுமார் மூன்றில் ஒரு பங்கு மேக் அளவிலேயே நடந்துவிடுகிறது. அதனால்தான் இந்த முறை நடைமுறையில் காலை வாரிவிடவில்லை.

நோயாளியிடமே கேட்டுவிட்டால் என்ன? கேட்டிருக்கிறார்கள். 1977-ல் மைக்கேல் டன்ஸ்டால் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வெளியிட்ட முறை அத்தனை எளிமையானது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை ஒரு கையில் கட்டுகிறார்கள். தசை தளர்த்தியை நரம்பில் ஏற்றுவதற்கு முன், பட்டையில் காற்றை ஏற்றி அந்தக் கைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். மருந்து உடம்பெல்லாம் பரவும், அந்த முன்னங்கைக்கு மட்டும் போகாது. உடம்பு கட்டையாகக் கிடக்க, ஒரு கை மட்டும் விடுதலையாக இருக்கிறது. அப்புறம் டாக்டர் குனிந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நான் பேசுவது கேட்டால் என் கையை அழுத்துங்கள்" என்கிறார். அழுத்தினால், "வலித்தால் இன்னொரு தடவை அழுத்துங்கள்."

சிலர் அழுத்துகிறார்கள். 2017-ல் பல நாடுகளில் சேர்ந்து நடந்த ஓர் ஆய்வில், மூச்சுக்குழாய் போட்ட சற்று நேரத்தில் 260 பேரிடம் கேட்டதில் 12 பேர் கையை அழுத்தினார்கள். அவர்களில் ஐந்து பேர் வலிக்கிறது என்றும் தெரிவித்தார்கள். இதைப் படித்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் இப்படிக் கை அழுத்துகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எழுந்த பிறகு எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. கேட்டால், "படுத்தேன், எழுந்தேன்" என்பார்கள்.

அந்தச் சில நிமிடங்களில் அவர் சுயநினைவோடு இருந்தாரா, இல்லையா? கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொன்னார் என்பதால் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஞாபகம் தங்கவில்லை, அவ்வளவே. மயக்க மருந்துகள் ஞாபகத்தைப் பதியவிடாமல் தடுப்பதற்கு மிகக் குறைந்த அளவே போதும் என்பதால், சுயநினைவு இருந்தும் ஞாபகம் இல்லாத ஒரு நிலை சாத்தியம். இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஞாபகமே இல்லாத வலி வலியா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் வலித்ததே, அது போதாதா என்பது என் கட்சி.

எழுந்த பிறகு ஞாபகம் இருப்பது எவ்வளவு பேருக்கு? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள பொது மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டு முழுக்கத் திரட்டிய புகார்களைத் தொகுத்து 2014-ல் ஓர் அறிக்கை வந்தது. ஏறக்குறைய 19,000 மயக்கத்துக்கு ஒன்று என்பது அதன் கணக்கு. முழு மயக்கத்தில் செய்யும் சிசேரியனில் மட்டும் சுமார் 670-க்கு ஒன்று. குழந்தையைப் பாதிக்கக் கூடாது என்று மருந்தைக் குறைவாகக் கொடுப்பதும், அவசரமும் இதற்குக் காரணங்களில் சில. தானாக வந்து சொன்னவர்களின் கணக்கு இது. ஒவ்வொருவரிடமும் தேடிப் போய், "தூங்குவதற்கு முன் கடைசியாக என்ன ஞாபகம், எழுந்ததும் முதலில் என்ன ஞாபகம், இடையில் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா" என்று திரும்பத் திரும்பக் கேட்ட ஆய்வுகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு என்று வருகிறது. கேட்கும் விதத்தைப் பொறுத்து எண்ணே பத்து மடங்குக்கு மேல் மாறுகிறது பாருங்கள்.

நெற்றியில் ஒரு பட்டை

மூளையின் மின்னலைகளை மனிதரில் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924-ல் பதிவு செய்தார், ஐந்து வருஷம் தயங்கி 1929-ல்தான் வெளியிட்டார். மண்டையோட்டைத் தாண்டி வெளியே வரும் அந்த மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் லட்சத்தில் சில பங்குதான். நெற்றித் தசை சுருங்கினாலே அந்த அலை மூழ்கிப்போகும். இந்தப் பதிவைத்தான் இ.இ.ஜி. என்கிறோம். மயக்கத்தின் ஆழத்தை அளக்க இதைப் பயன்படுத்தலாமே என்று 1937-லேயே அமெரிக்காவில் கிப்ஸ் தம்பதியும் லெனாக்ஸும் எழுதிவிட்டார்கள்.

புரோபோஃபால் ஏறும்போது இந்த அலைகள் மாறுவதைத் திரையில் பார்ப்பது ஓர் அனுபவம். விழித்திருப்பவரின் அலை சின்னச் சின்னதாக, வேகமாக, ஒழுங்கில்லாமல் கிறுக்கியது போல் இருக்கும். கண்ணை மூடினால் பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 12 தடவை அலையும் ஆல்ஃபா என்ற அலை எழும். மருந்து ஏற ஆரம்பித்ததும் ஆச்சரியமாக, வேகம் சற்றுக் கூடும். மூளை கொஞ்சம் கிளர்ச்சியடைகிறது, சிலர் உளறுவதும் கை காலை உதறுவதும் இந்தக் கட்டத்தில்தான். அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் நின்றுபோகும். அந்த இடத்தில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து தோன்றும். நொடிக்கு ஒரு தடவைகூட முழுதாக அலையாத, பெரிய, மந்தமான அலை ஒன்று. அதன் மேல் சவாரி செய்வது போல ஆல்ஃபா அலை ஒன்று. ஆனால் இந்த ஆல்ஃபா இப்போது பின்மண்டையில் இருக்காது, நெற்றிப் பக்கம் வந்திருக்கும். இன்னும் மருந்தைக் கூட்டினால் அலை அறவே நின்று கோடாகி, சில நொடிக்கு ஒருமுறை குபீரென்று வெடித்து, மறுபடி கோடாகும். அது தேவைக்கு மிஞ்சிய ஆழம். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் எமரி பிரவுனும் பேட்ரிக் பர்டனும் 2013-ல் இந்த வரிசையைத் தன்னார்வலர்களிடம் படிப்படியாகப் பதிவு செய்து காட்டினார்கள். முழு மயக்கத்தைத் தூக்கம் என்று சொல்வதே தவறு, திரும்பிவரக்கூடிய கோமா என்று சொல்லுங்கள் என்பார் பிரவுன். நோயாளியிடம் அப்படிச் சொன்னால் அவர் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போய்விடுவார் என்பது வேறு விஷயம்.

இந்த அலையைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். அதனால் அலையை ஒற்றை எண்ணாகச் சுருக்கித் தரும் கருவிகள் வந்தன. பிரபலமானது 'பிஸ்'. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1996-ல் அதற்கு அனுமதி கொடுத்தது. நெற்றியில் கோணலாக ஒட்டும் பட்டையில் நான்கு மின்முனைகள், அதிலிருந்து ஒரு வயர், திரையில் பெரிதாக ஓர் எண். 100 என்றால் முழு விழிப்பு, 0 என்றால் அலையே இல்லை. அறுவைக்கு 40 முதல் 60 வரை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பங்கள் இருக்கும். ஒன்று சிக்னல் எவ்வளவு சுத்தம் என்று சொல்லும், மற்றது நெற்றித் தசையின் மின்சாரம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும். பார்க்க வந்தவர்கள் பெரிய எண்ணை மட்டும் பார்ப்பார்கள், அனுபவசாலிகள் இந்தக் கம்பங்களையும் கீழே ஓடும் அசல் அலையையும் பார்ப்பார்கள். அறுவை மருத்துவர் ரத்தக் குழாயைப் பொசுக்கக் காட்டரியை அழுத்தினால் சிக்னல் கம்பம் சட்டென்று சரியும். அந்த நேரத்து எண்ணை நம்பக்கூடாது.

எண் எப்படி வருகிறது? அலையின் பல தன்மைகளைக் கலந்து, மயக்கம் கொடுக்கப்பட்ட ஏராளமானவர்களின் பதிவுகளோடு பொருத்திச் செய்த ஒரு கணக்கு. எதற்கு எவ்வளவு பங்கு என்பதை நிறுவனம் முழுதாக வெளியிடவில்லை. அந்தக் கணக்குக்கு மூளையைப் பற்றிய கோட்பாடு எதுவும் தெரியாது. இந்த மாதிரி அலை வந்தபோது இத்தனை பேர் பதில் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போது நான் முன்பு சொன்ன நம் காலத்துச் சோதனை. 2015-ல் ஆஸ்திரேலியாவில் பத்துத் தன்னார்வலர்கள் மயக்க மருந்தே இல்லாமல் தசை தளர்த்தியை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். கையில் பட்டை கட்டி ஒரு கையைக் காப்பாற்றி வைத்திருந்ததால், கேள்விக்குக் கை அழுத்திப் பதிலும் சொன்னார்கள். முழு விழிப்பில் இருந்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. பிஸ் எண் 40-களுக்கு இறங்கியது! அதாவது 'அறுக்கலாம்' என்று பச்சைக்கொடி காட்டும் எண். காரணம் புரிந்துகொள்ள எளிது. விழித்திருப்பவரின் நெற்றித் தசை எழுப்பும் வேகமான மின்சாரத்தையும் அந்தக் கணக்கு விழிப்பின் அடையாளமாகச் சேர்த்துக்கொள்கிறது. தசை தளர்ந்ததும் அந்தப் பங்கு காணாமல் போய்விட்டது. யாருக்காக இந்தக் கருவி மிகவும் தேவையோ, அசைய முடியாமல் கிடக்கும் அந்த நோயாளியிடத்தில்தான் அது ஏமாறுகிறது.

கீட்டமின் என்ற மயக்க மருந்தில் நேர்மாறான ஏமாற்று. கீட்டமின் கொடுத்தால் ஆள் பதில் சொல்லமாட்டார், ஆனால் மூளை அலை வேகமாகவே இருக்கும். எண் இறங்காது, சில சமயம் ஏறக்கூடச் செய்யும். அதை நம்பி இன்னும் மருந்து கொடுத்தால் ஆபத்து. வயதானவர்களிடம் அந்த நெற்றி ஆல்ஃபாவே மங்கலாக இருக்கும் என்பதால் எண்ணும் அலையும் ஒத்துப்போகாமல் போகலாம்.

அப்படியானால் இந்தக் கருவியால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. நடுவில் விழிப்பு வரும் ஆபத்து அதிகமுள்ள 2,463 நோயாளிகளை வைத்து 2004-ல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான முறையில் 11 பேருக்கு ஞாபகம் இருந்தது, பிஸ் பார்த்துக் கொடுத்ததில் 2 பேருக்கு. ஆனால் 2011-ல் ஏறக்குறைய 6,000 பேரிடம் வேறுவிதமாக ஒப்பிட்டார்கள். ஒரு பாதிக்கு பிஸ் எச்சரிக்கை, மறு பாதிக்கு மூச்சில் வாயு அளவு குறைந்தால் ஒலிக்கும் சாதாரண எச்சரிக்கை. பிஸ் பக்கம் 7 பேருக்கு ஞாபகம், வாயு எச்சரிக்கைப் பக்கம் 2 பேருக்கு. மூச்சு வழி மயக்கத்தில் வாயுவின் அளவைக் கவனமாகப் பார்த்தாலே போதும் என்று ஆயிற்று. புரோபோஃபாலை நரம்பு வழியே தொடர்ந்து ஏற்றும் முறையில் அந்த வசதி இல்லை. ரத்தத்தில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று மூச்சைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊசி நரம்பைவிட்டு நழுவினால்கூடச் சில நேரம் தெரியாது. அங்கே, அதிலும் தசை தளர்த்தி சேர்ந்தால், இ.இ.ஜி. வைத்துக்கொள்வது நல்லது என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை.

மூளை கேட்கிறது, ஆனால் பகிர்வதில்லை

இதுவரை பார்த்த எல்லாமே, சுயநினைவோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் ஏதோ ஒன்றை அளந்தன. அசைவு, ஞாபகம், அலையின் தோற்றம். சுயநினைவு போகும்போது மூளைக்குள் உண்மையில் என்னதான் நின்றுபோகிறது?

காது நின்றுபோவதில்லை. முழு மயக்கத்தில் இருப்பவரின் காதருகே ஒலி எழுப்பினால் மூளையில் ஒலியை முதலில் வாங்கும் பகுதி விழித்துக்கொண்டு பதில் தரத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பதில் அங்கேயே முடிந்துவிடுகிறது. மற்ற பகுதிகளுக்குப் போவதில்லை. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பதித்திருந்த சில நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்தபோது நரம்பணுக்களையே நேரடியாகக் கவனிக்க முடிந்தது. 2012-ல் லாரா லூயிஸும் சகாக்களும் வெளியிட்ட முடிவு இது. சுயநினைவு போன கணத்தில் அந்த மந்தமான பெரிய அலை தொடங்குகிறது. அலையின் ஒரு குறுகிய பகுதியில் மட்டும் நரம்பணுக்கள் பேசுகின்றன, மீதி நேரம் வாயடைத்துப் போகின்றன. மூளையின் ஓரிடத்தில் பேசும் நேரமும் தூரத்து இன்னோரிடத்தில் பேசும் நேரமும் ஒத்துப்போவதில்லை. இவன் பேசும்போது அவன் தூங்குகிறான், அவன் விழிக்கும்போது இவன் தூங்கிவிடுகிறான். முன்மூளையிலிருந்து பின்பக்கம் போகும் தொடர்பு புரோபோஃபால், செவோஃப்ளூரேன், கீட்டமின் மூன்றிலுமே குலைவதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மஷூர் குழுவினர் காட்டினார்கள். வேறுவேறு வேதிவழிகளில் வேலை செய்யும் மருந்துகள் ஒரே இடத்தில் வந்து சேர்வது கவனிக்கத்தக்கது.

இதை அடிப்படையாக வைத்துத்தான் இத்தாலியின் மிலான் நகரில் மார்செல்லோ மாசிமினியின் குழு ஒரு புது வழி கண்டது. மூளை தானாக எழுப்பும் அலையைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதைவிட, மூளையைத் தட்டிப் பார்க்கலாமே என்றார்கள். தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து ஒரு துடிப்பு கொடுக்கிறார்கள். அது மண்டையோட்டைத் தாண்டிப் போய் மூளையின் ஒரு சிறு பகுதியை உசுப்பும். அதன் எதிரொலியைத் தலை முழுக்க ஒட்டிய சுமார் 60 மின்முனைகளால் பதிகிறார்கள்.

ஊரில் ஒரு தெருவில் ஒரு சேதியைப் போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் மாறி, ஒருவர் கூட்டி ஒருவர் குறைத்து, ஊர் முழுக்கச் சுற்றி வேறு வேறு வடிவத்தில் திரும்பி வரும். விழித்திருக்கும் மூளை அப்படிப்பட்ட ஊர். புரோபோஃபால் ஏறிய மூளையில் சேதி போட்ட தெருவிலேயே ஓர் ஆரவாரம் எழுந்து அங்கேயே அடங்கிவிடும். வேறு சில மருந்துகளில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓர் அலை பரவும், யாரும் எதையும் மாற்றமாட்டார்கள்.

இந்த எதிரொலியில் எவ்வளவு வகைவகையான மாற்றம் இருக்கிறது என்பதை எண்ணாக்க, கணினியில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் கணக்கையே எடுத்துக்கொண்டார்கள். ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வருவதை எளிதாகச் சுருக்கலாம், சிக்கலானதைச் சுருக்க முடியாது. சுருங்க மறுக்கும் அளவுதான் மதிப்பெண். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் வரும். 2013-ல் வெளியான இந்த அளவுக்குப் 'பிசிஐ' என்று பெயர். விழித்திருப்பவர்கள், மூளையில் அடிபட்டும் நினைவோடு இருப்பவர்கள் எல்லோருக்கும் 0.31-க்கு மேல் வந்தது. ஆழ்ந்த தூக்கம், புரோபோஃபால், செனான் வாயு மயக்கம் எல்லாம் அதற்குக் கீழே.

எனக்கு மிகவும் பிடித்தது இதில் கீட்டமின் முடிவு. 2015-ல் தன்னார்வலர்களுக்குக் கீட்டமின் கொடுத்தார்கள். கூப்பிட்டால் அசைவில்லை, வெளியிலிருந்து பார்த்தால் மற்ற மயக்கம் போலத்தான். ஆனால் பிசிஐ விழித்திருப்பவர்களின் அளவிலேயே நின்றது. கருவி தவறிவிட்டதா? எழுந்ததும் கேட்டார்கள். நீண்ட, தெளிவான கனவுகளைச் சொன்னார்கள். புரோபோஃபாலும் செனானும் வாங்கியவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. பிஸ் தடுமாறிய அதே இடத்தில் பிசிஐ சரியாகச் சொல்லியிருக்கிறது. கீட்டமின் வாங்கியவர் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தார், ஆனால் உள்ளே ஓர் அனுபவம் ஓடிக்கொண்டிருந்தது. நாம் கனவு காணும் தூக்கத்திலும் பிசிஐ உயரமாகவே இருக்கிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே அனுபவம் இருப்பது ஒன்று, வெளி உலகம் அந்த அனுபவத்துக்குள் வருவது இன்னொன்று, அதற்குப் பதில் சொல்ல முடிவது மூன்றாவது, பிறகு ஞாபகம் இருப்பது நான்காவது. ஆபரேஷன் நேரத்தில் கனவு காண்பதால் யாருக்கும் கேடில்லை, கத்தி அந்தக் கனவுக்குள் வராமல் இருந்தால் போதும். பிசிஐ முதலாவதைச் சொல்கிறது. கை அழுத்தும் சோதனை இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் சொல்கிறது. மறுநாள் கேள்வி நான்காவதைச் சொல்கிறது. பிஸ் இவற்றில் எதையும் நேராகச் சொல்லவில்லை, மருந்து மூளையின் மேலடுக்கில் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதைச் சொல்கிறது.

பிசிஐ-யைத் தியேட்டருக்குள் கொண்டுவர முடியாதா என்ற கேள்வி எழும். காந்தச் சுருள், தலை முழுக்க மின்முனைகள், அதே இடத்தில் நூற்றுக்கணக்கான துடிப்புகள், அதற்கான நேரம் என்று பார்த்தால் அறுவை நடக்கும்போது அது நடக்கிற காரியமாக இப்போது தெரியவில்லை. அதற்கு நல்ல பயன் வேறிடத்தில் இருக்கிறது. மூளையில் அடிபட்டு, கண் திறந்தும் எதற்கும் பதில் இல்லாமல் மாதக்கணக்கில் கிடப்பவர்கள் 43 பேரிடம் 2016-ல் இதை வைத்துப் பார்த்ததில், 9 பேருக்கு விழித்திருப்பவர்களின் மதிப்பெண் வந்தது.

தியேட்டரில் இப்போது நடக்கும் மாற்றம் எளிமையானது. ஒற்றை எண்ணைவிட்டு, அசல் அலையையும் எந்த வேகத்து அலை எவ்வளவு என்று நிறத்தில் காட்டும் வரைபடத்தையும் பார்க்க இளம் மயக்கவியலாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். புரோபோஃபால் கொடுத்தால் கீழே ஒரு சிவப்புப் பட்டை, நொடிக்குப் பத்து தடவை என்ற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்புப் பட்டை. பழகிய கண்ணுக்குக் கீட்டமின் வேறு படமாகவும், டெக்ஸ்மெடெடோமிடின் என்ற இன்னொரு மயக்க மருந்து வேறு படமாகவும் தெரிந்துவிடும். எண்ணால் இதைச் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டு இதைப் படிப்பவர் யாராவது இருந்தால், மயக்க டாக்டரிடம் இரண்டு மூன்று விஷயங்களை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முன்பு எப்போதாவது மயக்கத்தில் விழிப்பு வந்திருக்கிறதா, தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ தினமும் சாப்பிடுகிறீர்களா, குடிப்பழக்கம் எவ்வளவு. இவை மருந்தின் அளவை மாற்றும். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியன், மூட்டு ஆபரேஷன்களில் பேச்சு கேட்பதும் தொடுவது தெரிவதும் இயல்பு, அது வேறு கணக்கு. முழு மயக்கத்துக்குப் பிறகு இடையில் நடந்தது ஏதாவது ஞாபகம் வந்தால், அது மூன்று நாள் கழித்து வந்தாலும், பிரமை என்று ஒதுக்காமல் போய்ச் சொல்லுங்கள். 2014 அறிக்கையில் வந்த அனுபவங்களில் நான்கில் மூன்று ஐந்து நிமிடத்துக்கும் குறைவானவை. பெரும்பாலானவை மயக்கம் ஏறும்போதும் இறங்கும்போதும் நடந்தவை. அதிகம் கலங்கிப்போனவர்கள், அசைய முடியவில்லையே, ஏன் என்று தெரியவில்லையே என்று உள்ளே தவித்தவர்கள்தான். என்ன நடக்கிறது என்று புரிந்திருந்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது.